துரை குடித்த டீ

அருங்காட்சியகத்துக்கு வந்திருந்த பழம்பொருள் நிபுணர் வெள்ளிக் கெட்டிலின் மூடியைத் திறந்து உள்ளே மூக்கை விட்டதும் காவலாளி இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

நேற்று சாயங்காலம்தான் அவர் அதில் டீ ஊற்றிக் குடித்திருந்தார்.

நேற்று மட்டுமா? வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க் உடைந்து ஒன்பது மாதமாகிறது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கண்ணாடிப் பெட்டியின் சாவி இடுப்பிலேயே தொங்குகிறது, கெட்டிலோ உள்ளே வெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. மனுஷன் என்னதான் செய்வான்?

அதுவும் லேசுப்பட்ட கெட்டிலா? யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரைக்காக இந்தியத் தட்டார்கள் இழைத்து இழைத்துச் செய்தது. உடம்பு முழுக்க யானையும் பல்லக்கும் பனைமரமுமாக ஒரே நெரிசல். கைப்பிடி ஒரு பாம்பு. கைக்குச் சூடு ஏறாமலிருக்க அதன் கழுத்தில் யானைத் தந்தத்தில் ஒரு வளையம் வேறு. ஊற்றினால் ஒரு சொட்டு சிந்தாது. அனுபவித்து வாழ்ந்திருக்கிறான் படுபாவி.

ஓய்வு பெற இன்னும் ஏழே மாதம். டீ குடித்ததற்காக வேலை போயிற்று என்றால் ஊர் சிரிக்கும். மனைவியோ, வீட்டில் டம்ளரா இல்லை என்று கேட்டுக் கேட்டே கொன்றுவிடுவாள்.

பக்கத்தில் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மேலதிகாரிக்குத் தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது என்றே காவலாளி முடிவுகட்டினார்.

நிபுணர் நிமிர்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நூத்தம்பது வருஷத்துக் கறைங்க இது! துரை கடைசியா குடிச்ச டீ. இஞ்சி வாசம்கூடப் போகல, பாருங்க!"

காவலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இஞ்சி தட்டிப் போட்ட கைக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நிபுணர் அங்கேயே நின்று நாலு பெரிய மனிதர்களுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி முடித்தார். பிறகு, கெட்டிலோடு ஜோடி சேர்ந்த சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துத் திறந்தார்.

ஓர் எறும்பு வெளியே வந்தது. விளிம்பில் நின்று மீசையை ஆட்டியது. பின்னாலேயே இன்னும் இரண்டு.



சத்தியமாக அந்தக் கிண்ணத்தைக் காவலாளி தொட்டதே இல்லை. பதினோரு வருஷமாக அவருக்குச் சர்க்கரை வியாதி. அந்தப் பெட்டிக்கு இருப்பதோ இரண்டே சாவிகள். இன்னொன்று காப்பாட்சியரிடம்.

மெல்லத் திரும்பிப் பார்த்தார். காப்பாட்சியர் மேற்கூரையில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"எறும்பும் அந்தக் காலத்துதா இருக்கும், சார்" என்றார் கடைசியில், கூரையைப் பார்த்தபடியே.

நிபுணர் எறும்பைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். அப்புறம் காவலாளியைப் பார்த்தார்.

"ஆமாங்கய்யா" என்றார் காவலாளி. "நான் வேலைக்குச் சேந்தப்பவே அதுங்க இங்கதாங்க இருந்துச்சு."