படம் மட்டும் வரவில்லை

"மெயில்ல எழுத்தெல்லாம் ஒழுங்காப் போயிருதுண்ணே. போட்டோ மட்டும்தான் போக மாட்டேங்குது" என்று பெர்சிஸ் தன் கேமரா போனை மேஜை மேல் வைத்தாள்.

சிவகாசியில் காலண்டர் அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்தது ஊர்க்காவலனின் பிரௌசிங் சென்டர். கீழே மெஷின் ஓடினால் மேலே கம்ப்யூட்டரெல்லாம் லேசாக ஆடும்.

"எத்தனை தடவை அனுப்புனீக, சிஸ்டர்?"

"ஒம்பது தடவை. பாப்பாவுக்கு நாலு மாசம் முடியப் போகுது. அவுக அப்பா இன்னும் மூஞ்சியப் பாக்கல. 'மெயில் வந்துச்சு, போட்டோ வரல'ன்னு குவைத்துல இருந்து ஒரே பதில்தான்."

பெர்சிஸ் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ். காலை டியூட்டியை முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. தூக்கமில்லையா, அழுதாளா என்று ஊர்க்காவலன் கேட்கவில்லை.

"படம் பெருசா இருந்தா பாதி வழியிலேயே அறுந்துரும்" என்று சொல்லி, படத்தின் அளவைக் குறைத்து, அவள் போனிலிருந்தே தன் முகவரிக்கு ஒன்றை அனுப்பினான். அரை நிமிடத்தில் கம்ப்யூட்டரில் குழந்தை கொட்டாவி விட்டது.

"வந்துருச்சே! போன்ல ஒரு கோளாறும் இல்ல."

"அப்ப அங்கன?"

"அங்கன அவுக மெயில் பெட்டி நெறஞ்சு கெடக்கும்."

"நெறஞ்சா எழுத்தும்தானண்ணே வராது?"

நியாயமான கேள்வி. ஊர்க்காவலன் தலையைச் சொறிந்தபடி ஒரு பழைய நோட்டை எடுத்தான். வெளிநாடு போகிறவர்களுக்கெல்லாம் ஐடி போட்டுக் கொடுத்து, பாஸ்வேர்டை அதில் குறித்து வைத்திருந்தான். யாரும் அதை மாற்றுவதேயில்லை.

"உங்க வீட்டுக்காரரு சாம்சுந்தருக்கும் நான்தான் போட்டுக் குடுத்தேன். தொறந்து பாத்துரலாமா? நீங்க சரின்னாதான்."

அவள் கொஞ்சம் தயங்கித் தலையாட்டினாள்.

பெட்டி திறந்தது. ஒன்பது மெயில். ஒன்பதிலும் படம். ஒன்பதும் திறந்து பார்க்கப்பட்டிருந்தன.

"எல்லாமே போயிருக்கு, சிஸ்டர்" என்றான் ஊர்க்காவலன். குரல் இறங்கிவிட்டது. "தொறந்தும் பாத்திருக்காக."

பெர்சிஸ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்க அத்தை சொன்னது சரிதான். ரெண்டாவதும் பொட்டப்புள்ளன்னதும் அவுக மனசு விட்டுப் போச்சு. பேறுகாலத்துக்கு வர்றேன்னாக, வரல. அவுக வரட்டும்னு ஞானஸ்நானத்தக்கூடத் தள்ளி வச்சிருக்கேன்."

"அப்படிச் சொல்லாதீக. போன்ல பேசுறாகள்ல?"

"வெள்ளிக்கிழமை தவறாமப் பேசுவாக. மூக்கு யாரு மாதிரி, முடி சுருட்டையா, சிரிச்சா கன்னத்துல குழி விழுதான்னு ஒண்ணு விடாமக் கேப்பாக. போட்டோவ வச்சுக்கிட்டே கேட்டிருக்காக பாருங்க. எல்லாம் நடிப்பு!"

வெடி கம்பெனியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தவன் சாம்சுந்தர். "உங்களையும் ஒரு நாள் என் வார்டுல கொண்டாந்து போட்டா நான் என்ன செய்வேன்?" என்று அழுது, அடம்பிடித்து, அவனை வெல்டிங் வேலைக்கு விமானம் ஏற்றியவள் இவள்தான். உயிருக்கு உத்தரவாதமான இடம் என்று நம்பினாள். மனசுக்கு உத்தரவாதம் கேட்க அன்றைக்குத் தோன்றவில்லை.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. லீவுதான். ரூம்ல அய்யாதுரைன்னு ஒரு தம்பியோட போன்லதான் மெயில் பாக்குறாக. இப்பவே கேட்டுருதேன்."

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் படபடவென்று தட்டினாள்.

'ஒம்பது போட்டோவும் வந்திருக்கு. என் கண்ணால பாத்துட்டேன். பொட்டப்புள்ள மூஞ்சியப் பாக்கப் புடிக்கலன்னா நேராச் சொல்லுங்க. இனிமே அனுப்ப மாட்டேன்.'

அனுப்பிவிட்டு முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். ஊர்க்காவலன் டீ வாங்கி வைத்தான். அது ஆறி ஆடை கட்டியது.

கால் மணி நேரத்தில் பதில் வந்தது. பெர்சிஸ் திரைக்குப் பக்கத்தில் குனிந்து படித்தாள்.

'மதினி, நான் அய்யாதுரை. நீங்க இப்ப அனுப்புனத அண்ணனுக்கு இன்னும் சொல்லல. பாப்பா பொறக்கறதுக்கு ஒரு வாரம் முந்தி வேலை செய்யுற எடத்துல சிலிண்டர் வெடிச்சு அண்ணனுக்கு ரெண்டு கண்ணும் போச்சு. நஷ்டஈட்டுக் கேசு முடிஞ்சதும் ஊருக்கு வந்து நேர்ல சொல்லிக்கிறேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக. உங்க மெயில் ஒவ்வொண்ணையும் நான்தான் தொறந்து நாலு தடவை வாசிச்சுக் காட்டுறேன். எழுத்த வாசிச்சிரலாம், போட்டோவ எப்படி மதினி வாசிச்சுக் காட்ட?'