பதினான்கு வீட்டுக்கு ஒரு ஜெனரேட்டர்

“பகல்ல வீட்டுல யார் யார் இருப்பீங்க?”

அந்தக் கேள்வியே மாயாண்டிக்குப் பிடிக்கவில்லை.

“அது எதுக்கு ஒங்களுக்கு?”

“ஜெனரேட்டருக்குத்தான் அண்ணே. நான் மதீசன். ஈப்போ கடையில இருந்து வாரேன்.”

வந்தவன் சாதாரண டீ-சட்டை போட்டிருந்தான். வந்ததிலிருந்து தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து, ஒவ்வொரு வீட்டு ஒயரையும் கைப்பேசியில் படம் எடுத்திருந்தான்.

கோலா கங்சார் பக்கம் இருந்த அந்த ரப்பர் தோட்டம் கைமாறி மரங்களெல்லாம் சாய்ந்துவிட்டன. நிலத்தை வாங்கிய கம்பெனி மின்சாரத்தையும் வெட்டிவிட்டது. மாற்று வீடு கிடைக்காமல் நகர மாட்டோம் என்று பதினான்கு குடும்பங்கள் மட்டும் லயத்திலேயே இருந்தன. எல்லாரும் சேர்ந்துதான் ஈப்போவில் ஒரு ஜெனரேட்டருக்குச் சொல்லியிருந்தார்கள்.

“கடையில இருக்கிற மெஷின அப்படியே தூக்கிட்டு வந்து வெச்சா சரியா வராதுண்ணே,” என்றான் மதீசன். “இந்த அக்கா மகனுக்கு மூச்சு மெஷின் இருக்கு, அது எப்ப வேணும்னாலும் ஓடணும். மீன்காரர் வீட்டு ஐஸ் பெட்டி நிக்கக்கூடாது. காலையில தண்ணி பம்ப். எந்த வீட்டுல எப்ப ஆள் இருப்பாங்க, எப்ப காலியா இருக்கும்னு தெரிஞ்சாத்தான் அதுக்கு ஏத்த மாதிரி மாத்தி அமைக்க முடியும்.”

“எம் மகனுக்கு மூச்சு மெஷின் இருக்கிறது ஒனக்கு எப்படித் தெரியும்?” பக்கத்து வீட்டு மங்களம் பாய்ந்தாள்.

“நீங்கதானே அக்கா இப்ப சொன்னீங்க...”

“பேச்சுக் குடுத்துப் புடுங்குறான் பாருங்கண்ணே!”

மாயாண்டி எழுந்து நின்றார். “எப்ப வீடு காலியா இருக்கும்னு கம்பெனிக்காரனுக்குத்தான் தெரியணும். உள்ள ஆள் இருக்கிற வரைக்கும் அவன் இடிக்க முடியாதுலா. யாரு ஒன்ன அனுப்புனா? கெளம்பு!”

மதீசன் நீட்டிய கார்டைக் கிழித்து அவன் காலடியிலேயே போட்டார். முகம் சிவக்க, அவன் வேனில் ஏறிப் போனான்.

இரண்டு நாள் கழித்து இன்னொருவர் வந்தார். நீலச் சீருடை, நெஞ்சில் கடையின் பெயர்.

“நான் ஜெயபாலன். முந்தாநாள் எவனோ வந்து துருவித் துருவிக் கேட்டானாமே? சாப்பாட்டுக்கடையில பேசிக்கிட்டாங்க. யாரையும் லேசுல நம்பாதீங்கண்ணே.”

மங்களம் விடவில்லை. “ஒங்க கடை எங்க இருக்கு?”

“ஈப்போவுல, சிலிபின் பக்கம் அக்கா. டயர் கடைக்குப் பக்கத்துல.”

சரியாகத்தான் இருந்தது.

“எங்கள ஒண்ணும் கேக்கலையே?” என்றார் மாயாண்டி.

“எதுக்குண்ணே? பெரிய மெஷின் தாரோம், எல்லாத்தையும் தாங்கும். கிரேன் வெச்சு எறக்கணும், அதான் ஒரு யோசனை. சின்னப் பிள்ளைங்க குறுக்க ஓடுனா ஆபத்து.”

“அப்படின்னா ஞாயித்துக்கெழம வாங்க,” என்றாள் மங்களம். “எங்க லயத்துப் பையன் தனேஸ்வரனுக்கு லூமுட்ல கல்யாணம். பஸ் புடிச்சு லயமே போவுது. ஒரு ஈ காக்கா இருக்காது.”

“ரொம்ப நல்லதாப் போச்சு அக்கா.”

அவர் போனதும் மாயாண்டிக்கு மனம் லேசானது. “ஆளப் பாத்தாலே தெரியுதுலா,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, லூமுட் போகும் வழியில் பஸ் சித்தியவானைத் தாண்டும்போது அவருடைய கைப்பேசி அடித்தது.

“மாயாண்டி அண்ணனா? ஜெனரேட்டர் கடை முதலாளி பேசுறேன். இத்தன நாளா நான் ஊர்ல இல்ல, இப்பத்தான் கடைக்கு வந்து கேள்விப்பட்டேன். நம்ம மதீசன வெரட்டி விட்டீங்களாமே?”

மாயாண்டிக்குக் கூச்சமாகப் போயிற்று. “அவரு நெசமாவே ஒங்க ஆளுதானா? தப்பா நெனச்சிட்டோம், மன்னிச்சிருங்க. பரவால்ல, அதான் பின்னால ஜெயபாலன அனுப்பினீங்களே. இந்நேரம் கிரேன் லயத்துக்குள்ள வந்திருக்கும்.”

“கிரேனா?” முதலாளியின் குரல் உயர்ந்தது.

“ஒங்க மெஷின் இன்னும் இங்க கடையிலதான் நிக்குது அண்ணே... யாரு அந்த ஜெயபாலன்?”