ஒன்பது கிலோ

"ஒத்தை ஆளு. ஒரே வாரம். ஒன்பது கிலோ குப்பை!"

செயலாளர் அம்மா தராசு முள்ளைத் தொட்டுக் காட்டினார். அடுக்குமாடிக் கூட்டம் மொத்தமும் திரும்பி, கடைசி நாற்காலியில் இருந்த பஸ் டிரைவரை முறைத்தது.

ஒரே ஒருவர் மட்டும் முறைக்கவில்லை. செயலாளரின் கணவர், கணக்கு வாத்தியார். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுல ரெண்டு பேர். இந்த வாரம் எவ்வளவு தெரியுமா? இருநூறு கிராம்!"

கைதட்டல். வாத்தியாரும் தட்டினார். தட்டாமல் வீட்டுக்குப் போக முடியுமா?

ஆறு மாதத்துக்கு முன்னால் அந்த அம்மா குப்பையே இல்லாமல் வாழ்வது பற்றி ஒரு வீடியோ பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது வாத்தியாருக்குச் சனி.

ஷாம்பு பாட்டில் போய் சோப்புக் கட்டி வந்தது. டிஷ்யூ பேப்பர் போய் அவருடைய பழைய பனியன் வந்தது. பல் தேய்க்க மூங்கில் பிரஷ். வாய்க்குள் தச்சு வேலை நடப்பது போல இருக்கும். பால்கனியில் உரத்தொட்டி. அதைக் கிளறுகிற உத்தியோகமும் அவருக்கே.

வாராவாரம் வீடு வீடாகக் குப்பையை நிறுத்துப் போர்டில் எழுதும் திட்டமும் அம்மா போட்டதுதான். 'குப்பைக் கலெக்டர்' என்று குடியிருப்பே பட்டம் கொடுத்திருந்தது. அவர் காதில் விழாமல்.

வாத்தியார் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். நல்ல காரியம்தானே! ஆனால் "பாக்கெட்ல வர்ற எதுவும் வாசப்படி தாண்டக்கூடாதுங்க" என்று சட்டம் வந்தபோதுதான் ஆடிப்போனார்.

கிரீம் பிஸ்கட் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது.

அதனால் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுத் தின்பார். உறையைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் போடலாமென்றால், அங்கேயும் வந்து 'பசுமைப் படை' அமைத்துவிட்டுப் போயிருந்தார் அம்மா.

மிச்சமிருந்தது எதிர்வீடு. டிரைவர் வாசலில் வைத்திருக்கும் பெரிய குப்பை டப்பா. காலையில் நடக்கப் போகிற சாக்கில் அதில் நழுவவிட்டுவிடுவார்.

"இந்த மாசம் பூரா இவர் பேரு போர்டுல இருக்கட்டும். அப்பதான் புத்தி வரும்" என்றார் அம்மா.

டிரைவர் எழுந்து நின்றார். "சரிங்கம்மா. தப்புதான். குறைச்சுக்கிறேன்."

சிரித்த முகமாகவே சொன்னார். அதுதான் வாத்தியாரைக் குத்தியது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டார். ஒரு உறை இரண்டு கிராம். தினம் ஒன்று. வாரத்துக்குப் பதினாலு கிராம். மீதி எட்டு கிலோ தொள்ளாயிரத்து எண்பத்தாறு கிராம் அந்த மனுஷன் போட்டதுதானே? இதில் நான் எப்படிப் பாவி?

விடை சரியாகத்தான் வந்தது. தூக்கம்தான் வரவில்லை.

அடுத்த இரண்டு நாள் கண்ணில் பட்டதெல்லாம் அதே. மாடிப்படியில் ஒரு அம்மாள் டிரைவரைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். லிப்டில் ஒருவர், "நீங்க அடுத்த தடவை வாங்க" என்று கதவைச் சாத்தினார். மனுஷன் அதற்கும் சிரித்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வாத்தியார் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வாங்க சார், உக்காருங்க."

உட்காரவில்லை. "ஒரு உண்மையைச் சொல்லணும். உங்க டப்பாவுல பிஸ்கட் உறை போடுறது நான்தான். கூட்டத்துல வாயைத் திறக்காம உக்காந்திருந்தேன். என்னை மன்னிச்சிடுங்க."

"தெரியுமே சார்!" டிரைவர் குலுங்கிச் சிரித்தார். "கதவுல ஓட்டை எதுக்கு வச்சிருக்கான்? நீங்க சாக்ஸைக் கழட்டி உதறுறதை தினம் பாக்குறேன்."

வாத்தியாருக்கு முகம் தொங்கிப்போனது.

"நாளைக்கே எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன். பதினாலு கிராம் என்னோடது. மீதியை மட்டும் நீங்க கொஞ்சம்..."

"மீதியா?"

டிரைவர் சமையலறைக்குள் போய் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு வாழைப்பழத் தோல். கொஞ்சம் டீத்தூள்.

"என்னோடது இதுதான் சார். இதையும் டிப்போ செடிக்குப் போட்டுடுவேன். சாப்பாடு கேன்டீன்ல. எனக்கு ஏது குப்பை?"

"அப்ப அந்த ஒன்பது கிலோ?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "விடுங்க சார்."

"சொல்லுங்க. யாரு?"

"பார்சல் அட்டை, பப்பிள் ஷீட்டு, கேக் டப்பா, ஜூஸ் பாட்டில்... பூமியைக் காப்பாத்துற சாமானெல்லாம் எத்தனை பிளாஸ்டிக்குக்குள்ள சுத்தி வருது தெரியுமா சார்? பாவம், அவங்களும் எங்கதான் கொண்டுபோய்ப் போடுவாங்க?"

"அவங்கன்னா?"

டிரைவர் எதிரே வாத்தியார் வீட்டுக் கதவைப் பார்த்தார்.

வாத்தியார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"கூட்டத்துல உங்களை அந்தக் கிழி கிழிச்சாளே! அங்கேயே போட்டு உடைச்சிருக்கலாமே?"

"உடைச்சிருக்கலாம். அப்புறம் உங்க வீட்டுல யாரு சார் ஒட்டவைக்கிறது?" என்ற டிரைவர், குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு உதவி பண்ணுங்க. நீங்க காலையில அஞ்சே முக்கால், அம்மா மத்தியானம் ரெண்டு மணி. இந்த டைமை மட்டும் ரெண்டு பேரும் மாத்திடாதீங்க, டப்பாகிட்ட நேருக்கு நேர் மோதிக்கப் போறீங்க!"