வால்

பியூலாவின் மண்டைக்குள் ஒரே வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருந்தது: “உன்னை யாரும் தேடல.” எதிர்வாதம் செய்து பார்த்தாள், ஜெபித்துப் பார்த்தாள்; அது நகரவே இல்லை.

“விரட்டாதீங்கம்மா, கூடவே வரட்டும்,” என்றார் மனநல ஆலோசகர். “கடைசியில ஒரு வாலை மட்டும் ஒட்டிவிடுங்க. ‘உன்னை யாரும் தேடலன்னு ஒரு நினைப்பு வருது.’ ஒட்டிட்டு, உங்களுக்கு எது முக்கியமோ அங்க போங்க.”

அவளுக்கு முக்கியம் சர்ச் பாடகர் குழு. கணவர் இறந்தபிறகு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அங்கிருந்து போனும் வரவில்லை.

வீட்டைப் பூட்டும்போது வாலை ஒட்டினாள். பஸ்ஸில் ஒட்டினாள். சர்ச் வாசலில், திரும்பிப் போய்விடலாமென்று கால் பின்வாங்கியபோதும் ஒட்டினாள். ஒட்டிக்கொண்டே உள்ளே நுழைந்துவிட்டாள்.

பாட்டு பாதியில் நின்றது. முன்வரிசையிலிருந்து ஜெபக்கனி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கக்கா போயிட்டீங்க? வாராவாரம் உங்களத் தேடுனோம்.”

பழக்கதோஷம், வால் தானாகவே போய் அதிலும் ஒட்டிக்கொண்டது: ‘உங்களத் தேடுனோம்னு ஒரு நினைப்பு வருது.’

பியூலா அவள் முகத்தையே பார்த்தாள். பிடித்திருந்த கை சூடாக இருந்தது.

“இன்னொரு தடவை சொல்லு கனி,” என்றாள். “கொஞ்சம் மெதுவா.”