சிரட்டைக் கரி

முத்துலிங்கம் சைக்கிளை வேப்பமரத்தில் சாத்திவிட்டு நொண்டி நொண்டி வந்தார். கல்வி வலயத்தின் விஞ்ஞானப் பாடத்துக்குப் பொறுப்பான அதிகாரி. புளியங்குளத்திலிருந்து மாங்குளம் பள்ளிக்கூடம் வரை மிதித்திருந்தார்.

"பிள்ளை, உந்தக் கரி விசயத்தைப் பாக்கத்தான் வந்தனான். முதல்ல காலைக் கொஞ்சம் நீட்டிட்டு வாறன்."

ஆய்வுகூட உதவியாளர் வீரகத்தி அவரைத் தாங்கிப் பின்பக்கம் கூட்டிப் போனார். திரும்பும்போது அதிகாரி நிமிர்ந்து நடந்தார்.

அதற்குள் விஞ்ஞான ஆசிரியை சுதர்சினி சோதனைக் குழாயில் சலிசிலிக் அமிலமும் மெதனோலும் விட்டு, ஒரு கரண்டி கரியும் போட்டிருந்தாள்.

"கரியாலை பல்லு விளக்கலாம். வேறை என்ன செய்யலாம்?"

"இது ஊக்கி, சேர். தேங்காய்ச் சிரட்டைக் கரி உள்ளுக்கெல்லாம் நுண்துளை. சல்பூரிக் அமிலத்திலை போட்டுக் காய்ச்சினனான். அமிலம் கரியோடையே நிக்கும். வடிச்செடுத்துத் திரும்பவும் பாவிக்கலாம்."

போர்த் தடையால் வவுனியாவைத் தாண்டி அமிலம் வர ஆமிக்காரர் விடமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அரைப் போத்தல்தான் மிச்சம்.

"வேலை செய்தால் எப்பிடித் தெரியும்?"

"நோவுத் தைலம் மாதிரி மணக்கும், சேர்."

"மணந்தால் வலயத்திலை உள்ள பன்னிரண்டு பள்ளிக்கூடத்துக்கும் எழுதுறன். இல்லாட்டி இந்த வருசமும் செய்முறை கரும்பலகையிலைதான்."

அவள் குழாயை மெல்லக் குலுக்கினாள். ஏற்கெனவே நாலு தரம் மணக்கவில்லை.

குழாய் குசினிச் சுடுதண்ணிப் பானையில் கால் மணித்தியாலம் இருந்தது. இடுக்கி இடம்பெயர்வில் தொலைந்துபோனதால் வீரகத்தி அதை வெறும் விரல்களால் தூக்கினார். அந்த விரல்களுக்குச் சூடு உறைப்பதில்லை. குழாயை அதிகாரியின் மூக்கருகே பிடித்தார்.

முத்துலிங்கம் கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"மணக்குது."

சுதர்சினியும் குனிந்து பார்த்தாள். மணந்தது. ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

அதிகாரி அங்கேயே கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தார். சைக்கிள் சந்தி திரும்பும் வரை அவள் வாசலில் நின்றாள்.

பிறகு உள்ளே வந்து, தாங்கியில் நின்ற குழாயை ஆசையாக எடுத்து முகர்ந்தாள். மெதனோல் மட்டுமே மணந்தது. இன்னொரு தரம் முகர்ந்தாள்.

"வீரகத்தியண்ணை, அந்த மணம் எங்கை?"

வீரகத்தி தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார்.

"இஞ்சை கிடக்கு, ரீச்சர். ஐயாவின்ரை முழங்காலுக்கு நான்தான் தைலம் தேச்சுவிட்டனான்."