விண்கலம் ஓட்டுகிறவள்

"கதை பிரமாதம் மேடம். ஆனா அவ்வளவு பெரிய விண்கலத்த ஒரு பொம்பளை ஓட்டுறாள்னா வாசகர்கள் நம்ப மாட்டாங்க. ஆம்பளையா மாத்திக் குடுங்க, அடுத்த வாரமே போட்டுடலாம்" என்றார் பத்திரிகை ஆசிரியர் போனில்.

ஏழு வருடமாக எழுதும் சோபியாவுக்கு கதையைப் போடுவதாக ஓர் அழைப்பு வருவது இதுதான் முதல் தடவை. டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதத்தை அடைத்துக்கொண்டே, "மாத்த முடியாதுங்க" என்றாள்.

"அப்ப கதை வராதே!"

"பரவாயில்லைங்க."

"கைக்கு வந்தத விட்டுட்டியே!" என்று அங்கலாய்த்தான் கணவன் சைமன்ராஜ்.

"வேற பத்திரிகைக்கு அனுப்பிக்கலாங்க. ஷிப்டுக்கு நேரமாச்சு."

அரை மணி நேரத்தில் சோபியா, திறந்தவெளிச் சுரங்கத்துக்குள் மாடி வீட்டு உயரத்துக்கு நின்றிருந்த டம்பர் லாரியின் ஏணியில் ஏறி உட்கார்ந்து, நூறு டன் மண்ணோடு அதை மேட்டில் கிளப்பினாள்.