ஒரு வரி இடம்

அகராதியின் அந்தப் பக்கம் நிரம்பி வழிந்தது. ஒரு வரியை நீக்கியே ஆகவேண்டும். செட்டை என்ற சொல்லுக்கு இருந்ததே ஒரு வரிதான்: ‘சிறகு’. அதன் அருகில், ஆங்கிலத்திலிருந்து வந்த ‘செட்’ என்ற சொல், செட் தோசை, டீ கப் செட், சினிமா அரண்மனை செட், கூட்டாளிகள் செட் என்று ஏழு வரிகளில் கால் நீட்டியிருந்தது.

சிவப்புப் பேனா நெருங்கியது. “எனக்கென்ன, பறந்துவிடுவேன்,” என்றது செட்டை. ஆனால் தன் ஒரே வரியை இறுகப் பிடித்துக்கொண்டது.

“எங்கேயும் போகாதீங்க, அக்கா.” செட் தன் முதல் வரியைப் பேனாவுக்கடியில் தள்ளியது. “இது ‘உட்கார வை’. என் அம்மா ஆங்கிலம் தந்த அர்த்தம். இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. மிச்சம் ஆறு இருக்கு, பிழைச்சுக்குவேன்.”

பேனா அந்த வரியை அடித்துவிட்டுப் போனது.

செட்டை நகர்ந்து இடம் விட்டது. “நிற்காதே, தம்பி. வந்து உட்கார்.”